பகிர்ந்தால் போதுமா? 9/11 ஆணைய அறிக்கையை மறுபடி படித்தபோது

2004 ஜூலை 22 அன்று வெளியான 9/11 ஆணைய அறிக்கை, அரசாங்க அறிக்கை மாதிரியே இருக்காது. நாவல் மாதிரி ஓடும். அந்த வருஷம் அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்டு இறுதிப் பட்டியல் வரைக்கும் போனது. எழுத்தில் எனக்குக் குறையே இல்லை. உளவு அமைப்புகள் தகவலைக் கையாளும் விதத்துக்கு 13-ஆம் அத்தியாயத்தில் அது எழுதித் தரும் மருந்துதான் இடிக்குது. தெரிய வேண்டியவருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்ற பனிப்போர் காலப் பழக்கத்தை விடுங்கள், பகிர்வதைக் கடமையாக்குங்கள், அமைப்புகளுக்கு நடுவே ஒரு வலைப்பின்னல் கட்டுங்கள் என்கிறது. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா முந்தைய அத்தியாயங்களில் அதுவே காட்டுகிற நோய் வேற.

ஃபீனிக்ஸ் குறிப்பை எடுத்துக்கங்க. 2001 ஜூலை 10 அன்று எஃப்.பி.ஐ-யின் ஃபீனிக்ஸ் கிளையிலிருந்து ஒரு அதிகாரி தலைமையகத்துக்கு எழுதுகிறார். அரிசோனாவில் விமானப் பயிற்சி எடுக்கும் சிலர் மேல் சந்தேகம் இருக்கு, நாடு முழுக்க உள்ள பயிற்சிப் பள்ளிகளோடு தொடர்பு ஏற்படுத்திக்கணும்னு. இதை அவர் பகிரலைன்னு யாராவது சொல்ல முடியுமா? தலைமையகத்தின் இரண்டு பிரிவுகளுக்கும் நியூயார்க் கிளைக்கும் அனுப்பியிருக்கார். பெறுநராக இருந்த தலைமையக மேலாளர்கள் செப்டம்பர் 11-க்குப் பிறகுதான் அதைப் பார்த்தார்கள் என்று ஆணையமே எழுதுது.

நீதித்துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் நடத்திய விசாரணை இதில் இன்னும் ஒரு படி உள்ளே போகுது. அந்தக் குறிப்பின் மேல் ஒதுக்கப்பட்ட வேலை ஆகஸ்ட் 7 அன்று கணினியில் மூடப்பட்டிருக்கு. இப்போதைக்கு ஒன்றும் தேவையில்லை, திரும்ப வந்து பார்ப்போம் என்ற எண்ணத்தோடு. எங்க தொழில்ல இதை டிக்கெட் க்ளோஸ் பண்றதுன்னு சொல்வோம். மூடின டிக்கெட் யார் பட்டியலிலும் தெரியாது. "திரும்ப வந்து பார்ப்போம்" என்பது அந்த ஊழியரின் மனசுல மட்டும்தான் இருக்கும்.

இந்தக் கணினி ஏ.சி.எஸ். 1995-ல் வந்தது, பயன்படுத்தக் கஷ்டம்னு அவங்க ஆட்களே புலம்பினது. ரஷ்யாவுக்கு வேலை பார்த்த எஃப்.பி.ஐ அதிகாரி ராபர்ட் ஹான்சன் இதே ஏ.சி.எஸ்-இல் தன் பெயரையே தேடி, தன் மேல் விசாரணை ஏதாவது நடக்குதான்னு பார்த்துக்கிட்டு இருந்தார். 2001 பிப்ரவரியில்தான் பிடிபட்டார். வாசிக்கும் உரிமை அவருக்கு நிறையவே இருந்தது.

இதைவிட முக்கியமான சம்பவம் ஒன்று உண்டு. அறிக்கை அதை 6-ஆம் அத்தியாயத்தின் பின்குறிப்புகளில், பொடி எழுத்தில் வைத்திருக்கு. 2000 ஜனவரி. காலித் அல்-மித்தார் கோலாலம்பூர் போகும் வழியில் அவர் பாஸ்போர்ட் பிரதி எடுக்கப்படுது, அதில் அமெரிக்க விசா இருக்கு. சி.ஐ.ஏ-வின் பின் லேடன் பிரிவில் உட்கார்ந்திருந்த எஃப்.பி.ஐ அதிகாரி ஒருவர் தன் அமைப்புக்கு இதைச் சொல்ல ஒரு செய்தியைத் தயார் செய்கிறார். இப்போதைக்கு நிறுத்தி வை என்று பதில் வருது. சில மணி நேரம் கழித்து அதே பிரிவிலிருந்து சி.ஐ.ஏ-வுக்குள் மட்டும் சுற்றிய இன்னொரு செய்தி, விசா விவரம் எஃப்.பி.ஐ-க்குக் கொடுத்தாச்சு என்கிறது. கொடுத்ததற்கு ஆணையத்துக்கு எந்த ஆதாரமும் கிடைக்கலை. ஆனா அந்தச் செய்தியைப் படித்த ஒவ்வொருவருக்கும் வேலை முடிஞ்சது. மித்தார் அந்த ஜனவரியிலேயே லாஸ் ஏஞ்சலஸ் வந்து இறங்கியாச்சு. கண்காணிப்புப் பட்டியலில் பெயர் ஏறியது 2001 ஆகஸ்ட் பிற்பகுதியில்.

இதை அனுமதிப் பிரச்சினைன்னு மட்டும் எப்படிச் சொல்றது? பெற்றுக்கொண்டேன் என்று எதிர்ப்பக்கம் சொன்ன பிறகுதான் "அனுப்பியாச்சு" என்று எழுத முடியும் என்றொரு சாதாரண ஏற்பாடு இல்லை. பதிவுத் தபாலோட ஒப்புகை அட்டையில இருக்கிற சமாச்சாரம் இது.

ஆணையத்துக்கு இது புரியலைன்னு சொல்ல மாட்டேன். 11-ஆம் அத்தியாயத்தில் மருத்துவமனை உவமை ஒன்று வருது: ஆளுக்கொரு சோதனை எழுதும் நிபுணர்கள் இருக்காங்க, நோயாளியை முழுசாப் பார்க்கிற டாக்டர் இல்லை. அருமையான கண்டுபிடிப்பு. பொறுப்பாளர் வேணும்னு தேசிய பயங்கரவாத எதிர்ப்பு மையம், புதுசா ஒரு இயக்குநர் பதவி எல்லாம் பரிந்துரைக்கவும் செய்தது. ஆனா மேலே பதவி வந்தது, கீழே ஒரு தாள் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகுது, யார் கையெழுத்துப் போட்டு வாங்கறாங்க என்ற அளவுக்கு அது இறங்கவே இல்லை. ஊர் பிடித்துக்கொண்டது "பகிர்" என்ற ஒரு சொல்லை.

அதன் பலன் தெரிந்ததுதான். வெளியுறவுத் துறையின் தூதரகச் செய்திகள், ராணுவத்தின் சிப்பர்நெட் வலையில் வாசிக்கக் கிடைத்தன. சிப்டிஸ் என்ற குறி போட்டால் போதும், தானாகப் போய்விடும். 2010-ல் ஈராக்கில் இருந்த ஒரு ராணுவ ஆய்வாளர், செல்சி மேனிங், 2,51,287 செய்திகளை அள்ள முடிந்தது. உடனே வெளியுறவுத் துறை அந்த இணைப்பைத் துண்டித்தது. கதவை முழுசாத் திற, இல்லைன்னா முழுசா மூடு!

திறந்திருந்த காலத்தில் மித்தார் மாதிரிச் சிக்கல் தீர்ந்ததா? 2009 நவம்பரில் நைஜீரியத் தந்தை ஒருவர் அபூஜா அமெரிக்கத் தூதரகத்துக்கே போய்த் தன் மகனைப் பற்றி எச்சரித்தார். மறுநாளே செய்தி போனது. பெயரில் எழுத்துப்பிழை இருந்ததால், அவனிடம் விசா இருப்பது முதல் தேடலில் தெரியலை. (வேற மொழிப் பெயரை ஆங்கில எழுத்தில் தேடிப் பார்த்தவங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.) டிசம்பர் 25 அன்று உமர் ஃபரூக் அப்துல்முத்தல்லப் டெட்ராய்ட் விமானத்தில் குண்டோடு உட்கார்ந்திருந்தான். அது சரியா வெடிக்காததால்தான் எல்லாரும் பிழைத்தார்கள். தகவல் சேகரிப்பில் தவறில்லை, கையில் இருந்ததைச் சேர்த்துப் புரிந்துகொள்வதில்தான் தவறு என்று ஒபாமாவே பிறகு சொன்னார். அறிக்கை வந்து ஐந்தரை வருஷம் ஆகியிருந்தது.

முழு அறிக்கையும் இணையத்தில் இலவசமாவே கிடைக்குது. படிக்கிறவங்க 13-ஆம் அத்தியாயத்துக்கு முன்னாடி 6-ஆம் அத்தியாயத்தின் பின்குறிப்புகளைப் படிங்க. அங்கே பெயர் சொல்லாமல் வரும் அந்த சி.ஐ.ஏ மேசை அலுவலர், விவரம் கொடுக்கப்பட்டதாகத் தனக்கு யார் சொன்னார்கள் என்று ஆணையத்திடம் சொல்ல முடியவில்லை.