விகுதியில் நிற்கும் வழக்கு

தமிழில் தன்மைக்கும் முன்னிலைக்கும் பால் வேறுபாடு இல்லை. ‘நான் வந்தேன்’ என ஆணும் கூறலாம், பெண்ணும் கூறலாம். ‘நீ வந்தாய்’ என்பதும் அவ்வாறே. அரபு மொழியிலோ எதிரே நிற்பவரை விளிக்கும்போதே ‘அன்த்த’ என்பதா, ‘அன்த்தி’ என்பதா எனத் தீர்மானித்தாக வேண்டும். நமக்கு அத்தீர்மானம் சற்றே தள்ளிப்போகிறது. ஒருவர் எழுந்து சென்ற பின்னர், அவரைப் பற்றி மற்றொருவரிடம் பேசும்போதுதான் அது வந்து நிற்கிறது. சுட்டுப்பெயரைத் தவிர்த்தாலும் வினைமுற்றின் விகுதி விடுவதில்லை. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்பவற்றுள் ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும்.

மரக்காணம் உப்பளங்களை அடுத்த எக்கியார்குப்பத்தில், உப்பு வாணிபம் செய்யும் நண்பர் ஒருவரின் இல்லத்தில் இதனை நேரிற் கண்டேன். மகனாக வளர்ந்து, இன்று சென்னையில் திருநங்கையாக வாழும் பிள்ளை, பெருநாளுக்கு வந்து இரண்டு நாள் தங்கிச் சென்றிருந்தார். (நானும் ஈண்டு ‘ஆர்’ விகுதிக்குள் ஒதுங்கிக்கொண்டதை வாசகர் கவனித்திருப்பர், அதனைப் பின்னர் நோக்குவோம்.) “அவன் பஸ் ஏறிட்டான்” என்றார் நண்பர். “ஏறிட்டாள்னு சொல்லுங்க அத்தா” என்றாள் கல்லூரியில் பயிலும் இளைய மகள். பேச்சு தடித்தது. தந்தை உள்ளே சென்று குர்ஆன் தமிழாக்கத்தை எடுத்துவந்து அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனத்தைக் காட்டினார். மகள் கைபேசியில் தமிழக அரசின் சொற்பட்டியலைக் காட்டினாள். இருவரும் என்னைப் பார்த்தனர். அன்று நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கிருப்பதாகவும் தோன்றவில்லை.

மகள் காட்டிய பட்டியலுக்கு ஒரு வரலாறு உண்டு. மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள், தம் உறவைப் பெற்றோர் எதிர்த்தமையால் சென்னைக்கு வந்து, பாதுகாப்புக் கோரி உயர்நீதிமன்றத்தை அணுகினர். 2021இல் அவ்வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இவ்விடயத்தில் தமக்கு முழுமையான புரிதல் இல்லை என உத்தரவிலேயே ஒப்புக்கொண்டு, உளவியல் அறிஞர் ஒருவரிடம் சென்று அமர்ந்து கற்ற பின்னரே ஜூன் 7ஆம் நாள் தம் வழிகாட்டுதல்களை வழங்கினார். அவருடைய முடிவுகள் அனைத்தும் நமக்கு உடன்பாடாக இருக்க வேண்டுமென்பதில்லை. ஆயினும், அறியாத ஒன்றில் முதலில் அறியாமையை அறிவிப்பது நம் மார்க்க அறிஞர்களும் போற்றிய ஒழுக்கமே. அவ்வழக்கின் தொடர்ச்சியாகவே 2022 ஆகஸ்டில் திருநங்கை, திருநம்பி, ஊடுபால், பால்புதுமையர் முதலிய சொற்கள் அரசிதழில் வெளியாயின.

பட்டியல் பயனுடையது. முன்னர் வழங்கிய ‘அலி’ வசையாகிவிட்டிருந்தது. அதற்கு மாற்றாக வந்த ‘அரவாணி’ என்பது கூவாகம் கூத்தாண்டவர் கோயிலின் அரவான் கதையோடு பிணைந்தது. ஒரு முஸ்லிம் பிள்ளையை அப்பெயரால் அழைப்பது பொருந்துமா என எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. 2008 ஏப்ரல் 15இல் நல வாரியம் அமைந்தது. ‘திருநங்கை’ பின்னர் அரசு வழக்காயிற்று. ஆனால் இவை யாவும் பெயர்ச்சொற்கள். எக்கியார்குப்பத்து வீட்டில் ‘திருநங்கை’ என்ற சொல்லை எவரும் மறுக்கவில்லை. சண்டை ‘ஆன்’, ‘ஆள்’ என்ற ஈற்றசைகளைப் பற்றியது. அரசிதழ் அதுவரை எட்டாது. இலக்கியமும் இதில் அதிகம் உதவவில்லை. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ பலரும் படித்த நூல். அது தன்வரலாறு என்பதால் தன்மையில் நடக்கிறது. விகுதியைத் தேர்ந்தெடுக்கும் சங்கடம் வாசகருக்கு நூலை மூடிய பின்னரே நேர்கிறது.

இலக்கணமோ இதனை முன்பே சந்தித்திருக்கிறது. இது மேனாட்டிலிருந்து வந்திறங்கிய புதுச் சிக்கல் என்ற நண்பரின் கருத்தை ஏற்க இயலாமைக்கு இதுவே காரணம். தொல்காப்பியக் கிளவியாக்கம் ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயரை உயர்திணைக்குள் வைக்கிறது. அதற்கெனத் தனி ஈறு இல்லை, உயர்திணைப் பால்களின் ஈறுகளையே ஏற்கும் என்கிறது. அத்தோடு நில்லாமல், ஆண்பாலை உணர்த்தும் ஈறு அதற்கு ஆகாது என மற்றொரு நூற்பாவில் விலக்குகிறது. பவணந்தியாரின் நன்னூல் இன்னும் ஓரடி செல்கிறது. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலிலும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலிலும் சேர்க்கிறது. உடலைச் சுட்டாமல் அவாவைச் சுட்டியமை கருத்திற் கொள்ளத்தக்கது. இருவரும் அஃறிணையை ஒத்தும் வருவர் என அந்நூற்பா முடிவது நெருடுகிறது; அதற்கும் வருவோம்.

தந்தையின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அவ்வசனம், வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்கப் பணிக்கிறது. முஹம்மதின் மகன் ஸைத் என வழங்கப்பட்ட ஸைத் (ரழி), அதன் பின்னர் ஹாரிஸாவின் மகன் ஸைத் என்றே அழைக்கப்பட்டார். அன்பு மிகுதியாலும் இல்லாததை இருப்பதாக அழைக்கலாகாது என்பதே நண்பர் அதிலிருந்து பெற்ற பாடம். ஆனால் அங்குத் தீர்க்கப்பட்டது வமிசம். வாரிசுரிமையும் திருமணத் தடையும் அதனைச் சார்ந்தவை. ஒருவர் சென்றதைச் சொல்லும் வினைமுற்று எவருடைய பாகத்தையும் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. மேலும், நம் கரையோர ஊர்களில் வேரூன்றிய ஷாஃபிஈ மத்ஹப், உடற்குறிகளால் பால் தெளிவாகாத ‘குன்ஸா முஷ்கில்’ விடயத்தில், பருவமடைந்த பின் அவருடைய மனச்சாய்வைக் கேட்டு அக்கூற்றை ஏற்கிறது. இமாம் நவவீ (ரஹ்), இயல்பிலேயே பெண்தன்மை வாய்ந்தவரையும் வலிந்து பாவனை செய்பவரையும் வேறுபடுத்தி, முன்னவர்மீது பழியில்லை என்ற அறிஞர் கருத்தைப் பதிவு செய்கிறார். இவற்றை நண்பரின் பிள்ளைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்பதை நான் அறிவேன். குன்ஸா பற்றிய சட்டம் உடல் தெளிவற்றோருக்கானது. தொழுகை வரிசை, வாரிசுப் பங்கு ஆகியன ஃபிக்ஹு அறிஞர்களின் ஆய்வுக்குரியன. எனினும் தீர்ப்பு வேறு, அழைப்பு வேறு. அழைப்பிற்கு அல்ஹுஜுராத் 11ஆம் வசனம் தரும் அளவுகோல், அழைக்கப்படுபவர் இழிவுபடுகிறாரா என்பதே என நான் கருதுகிறேன்.

அப்படியாயின் ‘அவர்’ போதாதா எனச் சிலர் கேட்பர். மலாய் மொழியில் ‘டியா’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நிற்பதுபோல், நமக்கும் ஒரு பொதுச்சொல் ஆயத்தமாக இருக்கிறதே என எண்ணிப் பல நாள் நானும் அதிலேயே தங்கினேன். அலுவலகத்திலும் மேடையிலும் ஏட்டிலும் அது போதும். வீட்டில் போதாது. மரக்காணம் கரையில் எந்தத் தந்தையும் தான் பெற்ற பிள்ளையை ‘அவர்’ என்பதில்லை. மருமகனை அவ்வாறு சொல்வார், வந்துபோகும் அதிகாரியைச் சொல்வார். மரியாதைப் பன்மை பாலை மறைக்கிறது, கூடவே உறவையும் மறைக்கிறது. இக்கட்டுரையின் தொடக்கத்தில் நான் எழுதிய ‘சென்றிருந்தார்’ அத்தகையதே. நண்பரின் மற்றொரு மகளை ‘அவள்’ எனத் தயங்காமல் எழுதும் நான், இப்பிள்ளையை மட்டும் விருந்தாளி ஆக்கினேன்.

அன்று வாதத்தில் கலந்துகொள்ளாதவர் தாய் ஒருவரே. இரவு உணவின்போது அடுக்களையிலிருந்து அவர் கேட்டார்: “புள்ள ஊர் போய்ச் சேர்ந்துச்சாமா?” பிள்ளை என்ற சொல்லுக்குப் பாலில்லை, பேச்சு வழக்கில் அது அஃறிணை முடிபை ஏற்கும். நன்னூலின் கடைசிச் சலுகையை இழிவென்றே அதுவரை படித்திருந்தேன். தெருவில் ஒருவன் திருநங்கையைச் சுட்டி ‘அது வருது’ என்றால் அது இழிவுதான். விகுதி ஒன்றே, ஆனால் அத்தாயின் வாயில் இருபது ஆண்டுகளாக அது மாறவே தேவையிருக்கவில்லை.

அதன் பின்னர் நண்பரோடு தொலைபேசியில் பேசுகையில், “அவள் நலமாக இருக்கிறாளா?” என்றே விசாரிக்கிறேன். முதல் முறை சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு “நல்லா இருக்கான்” என்றார். அவர் என்னைத் திருத்தவில்லை. நானும் அவரைத் திருத்தவில்லை.