ஸ்முல்லியனின் புதிர்களை ரசிப்பது எப்படி?

சிறுவன் ரேமண்ட் ஸ்முல்லியனிடம் ஓர் ஏப்ரல் முதல் தேதி காலை, "இன்று உன்னை ஏமாற்றப் போகிறேன்" என்றார் அண்ணன். நாள் முழுக்கக் காத்திருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. ராத்திரி அண்ணன் சொன்னார்: "ஏமாற்றுவேன் என்று எதிர்பார்த்தாய், நான் ஏமாற்றவில்லை. அப்படியானால் ஏமாந்துதானே போனாய்?" ஏமாந்தோமா, இல்லையா? விளக்கை அணைத்த பிறகும் பையனுக்குத் தூக்கம் வரவில்லை.

1919-இல் நியூயார்க்கில் பிறந்த ஸ்முல்லியன் மேஜிக் நிபுணர், பியானோ கலைஞர். 1959-இல் பிரின்ஸ்டனில் அலோன்ஸோ சர்ச்சிடம் தர்க்கவியலில் முனைவர் பட்டம் பெற்றார். 2017-இல் மறையும்வரை அந்த ராத்திரியின் கேள்வியை அவர் விடவே இல்லை. 1978-இல் வந்த 'இந்தப் புத்தகத்தின் பெயர் என்ன?' என்ற புதிர் நூல் அவரைப் பொது வாசகர்களிடம் கொண்டுசேர்த்தது.

அவர் புதிர்களை ரசிக்க முதல் வழி: விடைப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். அவருடைய புதிர்களில் வரும் கற்பனைத் தீவில் இரண்டே வகை மனிதர்கள். மெய்யர் எப்போதும் உண்மை பேசுவார், பொய்யர் எப்போதும் பொய். எதிரே வரும் இருவரில் ஒருவர், "எங்களில் ஒருவராவது பொய்யர்" என்கிறார். யார் யார்?

ஒரு பக்கம் சாய்ந்து பாருங்கள். பேசியவர் பொய்யர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவர் சொன்னது உண்மையாகிவிடுகிறது. பொய்யர் உண்மை பேச மாட்டாரே! ஆகவே அவர் மெய்யர். அவர் பேச்சும் மெய், எனவே மற்றவர் பொய்யர். ஒரே வாக்கியம், இருவர் குட்டும் வெளிப்பட்டது. எந்த இடத்தில் வழி அடைபட்டது என்பதைக் கவனியுங்கள், ருசி அங்கேதான்.

வரிசையை மாற்றாதீர்கள். அவர் புதிர்கள் படிக்கட்டுகள். கடைசிப் படிகளில் ஒரு தர்க்க அறிஞர் தீவுக்கு வருகிறார். உண்மையல்லாத எதையும் அவர் நிரூபிப்பதில்லை. தீவுவாசி ஒருவர் அவரிடம், "நான் மெய்யர் என்று உங்களால் ஒருபோதும் நிரூபிக்க முடியாது" என்கிறார். சொன்னவர் பொய்யரானால், அவரை மெய்யர் என்று அறிஞர் நிரூபித்துவிடலாம். ஆனால் அறிஞர் தவறானதை நிரூபிக்க மாட்டார். ஆகவே சொன்னவர் மெய்யர். அறிஞரால் அதை நிரூபிக்கவே முடியாது.

வெளியே நிற்கும் நமக்குத் தெரிகிற உண்மை, அவருக்கு எட்டவில்லை. 1931-இல் தர்க்கவியலாளர் கூர்த் கெடல் நிறுவியதன் சாரம் இதுதான்: முரண்பாடில்லாத, எண்கணிதத்தை உள்ளடக்கிய எந்த விதித்தொகுப்பிலும், அதன் விதிகளால் நிரூபிக்க முடியாத உண்மைகள் இருந்தே தீரும். கணிதத்தையே உலுக்கிய இந்த முடிவை ஒரு தீவுவாசியின் வாயில் வைத்துப் பேசவைத்ததுதான் ஸ்முல்லியனின் சாதனை.

நாளுக்கு ஒரு புதிர் போதும். விடை கிடைத்ததும் பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கிப் பாருங்கள். தடுமாறாமல் சொல்ல முடிந்தால், அடுத்த படிக்கு நீங்கள் தயார்.