டிரிக்ஸி வந்தது, டெபியனுக்கே திரும்பினேன்

டெபியன் 13-ஐ மடிக்கணினியில் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அற்புதமாக இருக்கிறது! பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்கிறேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் பக்கம் வந்த நாளிலிருந்து எத்தனையோ டிஸ்ட்ரோக்களைப் போட்டுப் பார்த்தவன் நான். நடுவில் சில வருடங்கள் டெபியனை விட்டு விலகியும் இருந்தேன். 2025 ஆகஸ்ட் 9 அன்று ‘டிரிக்ஸி’ என்ற பெயரில் வந்த இந்தப் பதிப்பு என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. இனி நகர்வதாக இல்லை.

ஏன் விலகினேன் என்று சொன்னால்தான் திரும்பி வந்த மகிழ்ச்சி புரியும். டெபியன் 11 காலத்தில் புது மடிக்கணினி வாங்கினேன். இன்ஸ்டாலர் பாதியில் நின்று, வைஃபை சிப்புக்கு ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும் என்று கேட்டது. சிப்பைத் தயாரித்தவர்கள் மூலநிரலை வெளியிடாமல் தருகிற சின்ன மென்பொருள் அது. கட்டற்ற மென்பொருளை மட்டுமே அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரில் வைப்பது என்பது டெபியனின் அன்றைய விதி. ஆகவே கோப்பை நாமே தேடி எடுத்து, பென் டிரைவில் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்த விதியின் மேல் எனக்கு அன்றும் மரியாதைதான். ஆனால் கெர்னலும் 5.10-இல் நின்றிருந்தது, என் வன்பொருளுக்கு அது போதவில்லை. வேலையோ தலைக்கு மேல் கிடந்தது. நாள் தவறாமல் புதுப்பதிப்புகள் வந்து இறங்கும் ரோலிங் டிஸ்ட்ரோ ஒன்றுக்கு மாறிக்கொண்டேன்.

அங்கே எல்லாமே புதுசு. ஆனால் நிம்மதி இல்லை. கட்டுரையை முடித்து அனுப்ப வேண்டிய நாளில் அப்டேட் போட்டால் ஒலி போயிருக்கும். ஒலியைச் சரிசெய்தால் தூங்கி எழுந்த கணினியின் திரை கறுப்பாகவே நிற்கும். புதுசும் வேண்டும், நிம்மதியும் வேண்டும் என்று கேட்பது பேராசையோ என்றுகூட நினைத்ததுண்டு. பேராசை இல்லை என்று டிரிக்ஸி காட்டிவிட்டது.

நான் இல்லாத காலத்தில் டெபியன் எடுத்த பெரிய முடிவு அந்த ஃபர்ம்வேர் விஷயத்தில்தான். 2022-இல் டெவலப்பர்கள் வாக்கெடுப்பு நடத்தி, கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரையும் அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரில் சேர்க்கலாம் என்று தீர்மானித்தார்கள். அதற்காகத் தங்கள் சமூக ஒப்பந்தத்திலேயே ஒரு வாக்கியம் சேர்த்தார்கள். வேண்டாம் என்பவர்கள் அதை அணைத்துவைக்க வழியும் விட்டிருக்கிறார்கள். கொள்கையையும் கைவிடாமல், புதிதாக வருகிறவனையும் வாசலில் நிறுத்தாமல், எல்லார் முன்னாலும் வாதாடி வாக்களித்து எடுத்த முடிவு. எனக்கு இது டெபியனின் மிக அழகான தருணங்களில் ஒன்று.

பலனை நேரில் அனுபவித்தேன். பென் டிரைவைச் செருகினேன். வரைகலை இன்ஸ்டாலரின் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது, அதையே தேர்ந்தெடுத்தேன். எந்தக் கோப்பையும் கேட்காமல் வைஃபை பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தேன். மீதி வேலையை அது பார்த்துக்கொண்டது. ஒலி, கேமரா, புளூடூத், பிரிண்டர் எதற்கும் நான் கை வைக்கவே வேண்டியிருக்கவில்லை. நீண்டகால ஆதரவு பெற்ற 6.12 கெர்னல் உள்ளே இருக்கிறது. மூடியை மூடினால் தூங்குகிறது, திறந்தால் விழிக்கிறது. இதற்காக நான் எத்தனை இரவுகள் கண் விழித்திருக்கிறேன்!

டெபியன் வெளியீடுகளுக்கு ‘டாய் ஸ்டோரி’ பாத்திரங்களின் பெயர் வைப்பது வழக்கம். ஆரம்ப காலத்தில் திட்டத்தின் தலைவராக இருந்த புரூஸ் பெரன்ஸ் அப்போது, அந்தப் படங்களை எடுத்த பிக்ஸாரில் வேலை பார்த்தவர். டிரிக்ஸி என்பது மூன்றாவது படத்தில் வரும் நீல நிற டைனோசர் பொம்மை. பொம்மைகளை உடைத்துப் போடும் சிறுவன் சிட் பெயரை, எப்போதும் நிலையற்றதாகவே இருக்கும் கிளைக்கு வைத்திருக்கிறார்கள். புதிய பதிப்புகள் முதலில் அங்கேதான் நுழையும். அங்கே பெரிய பிழை எதுவும் இல்லாமல் தாக்குப்பிடித்தால் சோதனைக் கிளைக்கு வரும். பிறகு ஃபிரீஸ். 2025 மார்ச்சில் தொடங்கிப் படிப்படியாக இறுக்கிக்கொண்டே போனார்கள். புது வசதி கிடையாது, பிழை திருத்தம் மட்டும். தேரை நிலையிலிருந்து கிளப்பும் முன் ஒவ்வோர் அச்சாணியையும் தட்டிப் பார்ப்பது போல மாதக்கணக்கில் தட்டிப் பார்க்கிறார்கள். இவர்களை அவசரப்படுத்த பங்குதாரர் கூட்டமோ விற்பனை இலக்கோ கிடையாது. தயாரான பிறகுதான் வெளியீடு. இந்த முறை அதற்குப் பிடித்தது 2 ஆண்டு, 1 மாதம், 30 நாள்.

அந்தக் காலத்தில் நடந்த வேலையின் அளவைப் பாருங்கள். மொத்தம் 69,830 பொதிகள் (பேக்கேஜ்கள்). அவற்றில் 14,100-க்கு மேல் புதியவை, 44,326 புதுப்பிக்கப்பட்டவை, காலாவதியான 8,840-க்கு மேற்பட்ட பொதிகள் நீக்கப்பட்டன. மூலநிரல் 146 கோடி வரிகளைத் தாண்டுகிறது. எனக்கு வேண்டியது எது இதில் இல்லை என்று தேடிப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. கிம்ப் 3.0, லிப்ரெஆபீஸ் 25.2, பைத்தான் 3.13 எல்லாம் கையருகே இருக்கின்றன. டெபியன் என்றால் பழசு என்று வாய் கூசாமல் சொல்கிறவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்கட்டும்.

என்னை மயக்கியது ஆப்ட். டெர்மினலில் பொதி மேலாண்மை செய்யும் அதே பழைய கருவிதான், 3.0 பதிப்பாகி வந்திருக்கிறது. முன்பெல்லாம் ஒரு பொதியைக் கேட்டால் பெயர்கள் பத்தி பத்தியாக ஒட்டிக்கொண்டு வரும். எது வருகிறது, எது போகிறது என்று கண்ணைக் கசக்கித் தேட வேண்டும். இப்போது நிரை நிரையாக அடுக்கித் தருகிறது. சேரப்போவது பச்சையில், நீங்கப்போவது சிவப்பில். கடைசியில் ஒரு சுருக்கம்: எத்தனை நிறுவப்படும், எத்தனை நீக்கப்படும், எவ்வளவு இறக்க வேண்டும், வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும், இன்னும் எவ்வளவு இடம் மீதி இருக்கிறது. ‘ஒய்’ அழுத்தும் முன் இவ்வளவும் ஒரே பார்வையில்! சும்மாவேனும் ஏதாவது பொதியை நிறுவிப் பார்க்கலாமா என்று கை பரபரக்கிறது. ஆப்ட் கட்டளை ஒன்றைக் கொடுத்தால், பொதிக் களஞ்சியங்களின் பட்டியல் கோப்பைக்கூடப் புதிய வடிவத்துக்கு அதுவே மாற்றிக்கொடுத்துவிடுகிறது.

அடுத்து என் பிழைப்புக்கு வேண்டியது, தமிழ். எனக்குத் தமிழ்99 விசைப்பலகை இல்லாமல் கை ஓடாது. ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவி, வெளியேறி உள்நுழைந்து, அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய்த் தமிழ்99-ஐச் சேர்த்தேன். முடிந்தது. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. ‘அம்மா’ வந்துவிட்டது, புள்ளி தானே விழுந்துவிட்டது. தமிழ் எழுத்துருக்களும் களஞ்சியத்திலேயே கிடைக்கின்றன. உலாவி, லிப்ரெஆபீஸ், டெர்மினல் எங்கே தட்டினாலும் ஒரே மாதிரி வேலை செய்கிறது. இந்தக் கட்டுரையே டிரிக்ஸியில் அடித்ததுதான்.

மேசைச்சூழலுக்கு க்னோம் 48 வைத்திருக்கிறேன். கேடிஈ பிளாஸ்மா 6.3, எக்ஸ்எஃப்சிஈ 4.20 என்று விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம். க்னோமில் ஜன்னல்கள் வழுக்கிக்கொண்டு நகர்கின்றன. பழைய தடுமாற்றம் போய்விட்டது. ஒரே மென்பொருளிலிருந்து வரும் அறிவிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. எனக்கு ரொம்பப் பிடித்தது பேட்டரி ஏற்பாடு. எந்நேரமும் பிளக்கில் செருகியே வேலை பார்ப்பவன் நான். வன்பொருள் ஆதரித்தால், 80 சதவீதம் வாக்கில் சார்ஜ் ஏறுவதை நிறுத்திக்கொள்ள ஒரு தேர்வு இருக்கிறது. பேட்டரியின் ஆயுளுக்கு நல்லது. இதற்கு முன்பு கோப்புகளைத் தோண்டிச் செய்துகொண்டிருந்த வேலை, இப்போது ஒரு கிளிக்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய வேலையையும் சொல்லியாக வேண்டும். யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் 1970 ஜனவரி 1-இலிருந்து விநாடிகளை எண்ணி நேரத்தை வைத்திருப்பவை. 32 பிட்டில் அந்த எண்ணிக்கை 214,74,83,647 வரைதான் போகும். 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அந்த எல்லை வருகிறது. அதற்குப் பிறகு எண் கவிழ்ந்து 1901-க்குப் போய்விடும். என் 64 பிட் மடிக்கணினிக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் சின்னச் சின்ன 32 பிட் ஆர்ம் பலகைகள் எத்தனையோ இடங்களில் சுவருக்குப் பின்னால், பெட்டிக்குள் கிடந்து வருடக்கணக்கில் ஓடுகின்றன. அவற்றுக்காக டெபியன்காரர்கள் நேரத்தின் வகையை 64 பிட்டாக மாற்றி, அதைத் தொட்ட பொதிகளை எல்லாம் மறுபடி கட்டியிருக்கிறார்கள். நூலகங்களின் பெயர்க் கடைசியில் ‘டி64’ என்று ஓர் ஒட்டு தென்பட்டால், அது இந்த உழைப்பின் தடம். ஆபத்து வர 12 வருடத்துக்கு மேல் இருக்கும்போதே, யாரும் கைதட்டாத ஒரு வேலையை இவ்வளவு பேர் உட்கார்ந்து செய்து முடிக்கிறார்கள் என்றால், என் கோப்புகளை இவர்களை நம்பி வைக்க எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

64 பிட் ரிஸ்க்-வி கட்டமைப்புக்கு முதல்முறையாக அதிகாரப்பூர்வ ஆதரவு வந்திருப்பதும் நல்ல செய்தி. யாரும் உரிமத்தொகை கட்டாமல் செயலி வடிவமைக்கலாம் என்கிற திறந்த கட்டமைப்பு அது. சென்னை ஐஐடியின் ‘சக்தி’ செயலிகளும் ரிஸ்க்-வி வழி வந்தவைதான். இன்னொரு பக்கம், 32 பிட் பழைய பிசிக்களுக்கு இனி இன்ஸ்டாலரும் இல்லை, கெர்னலும் இல்லை. என் பழைய நெட்புக் டெபியன் 12-உடன் நின்றுவிடும். வருத்தம்தான். ஆனாலும் சரியான முடிவு என்றே நினைக்கிறேன்; சோதித்துப் பார்க்கக்கூட ஆள் குறைந்துவிட்ட வன்பொருளுக்கு வாக்குக் கொடுப்பதைவிட, முடியாது என்று நேராகச் சொல்வது மேல்.

டிரிக்ஸியில் கவனிக்க வேண்டிய ஒரு மாற்றம்: ‘டெம்ப்’ அடைவு இப்போது நினைவகத்தில் இருக்கிறது. கணினியை அணைத்தால் அதில் இருப்பது போய்விடும். அங்கே எதையாவது போட்டு வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

இயன் மர்டாக் டெபியனை அறிவித்தது 1993 ஆகஸ்ட் 16. 32-ஆவது பிறந்தநாளுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு டிரிக்ஸி வந்தது. இத்தனை வருடமும் எந்த நிறுவனமும் இதற்குச் சொந்தக்காரராக இருந்ததில்லை. உலகெங்கும் இருக்கிற தன்னார்வலர்கள் தங்கள் சொந்த நேரத்தில் கட்டிக் காப்பாற்றுகிறார்கள். அவர்களின் வருடாந்திர மாநாடான டெப்கான்ஃப் 2023-இல் கொச்சியில் நடந்தது. உபுண்டு, ராஸ்பெர்ரி பை ஓஎஸ் எல்லாம் டெபியனின் வயிற்றில் பிறந்தவை. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி வாங்கிய மாணவர்கள் பலர் அதில் பாஸ் லினக்ஸைப் பார்த்திருப்பார்கள். சி-டாக் உருவாக்கிய அதுவும் டெபியனின் வழி வந்ததே. பெயர் தெரியாமலேயே நம்மில் பலர் இவர்களின் உழைப்பில் வேலை செய்துகொண்டிருக்கிறோம்.

டிரிக்ஸிக்கு 2028 ஆகஸ்ட் வரை முழு ஆதரவு உண்டு. அதன்பின் 2030 ஜூன் இறுதி வரை நீண்டகால ஆதரவு. அதுவரை அப்டேட் போடும் நாளில் நெஞ்சு படபடக்கத் தேவையில்லை. நீங்களும் ஒருமுறை பாருங்கள். லைவ் இமேஜை இறக்கிப் பென் டிரைவில் எழுதினால், கணினியில் இருப்பதை எதுவும் தொடாமலே டெபியனை ஓட்டிப் பார்க்கலாம். வீட்டில் 64 பிட் மடிக்கணினி ஏதாவது சும்மா கிடந்தால், முதலில் அதில் போட்டுப் பாருங்கள்.