நாடகம் தொடங்கும் இடம்

கூட்டமாக ஆடிப் பாடிக்கொண்டிருந்த கோரஸிலிருந்து ஒருவன் தனியே விலகி நின்று பதில் பேசினான், நாடகம் பிறந்தது. மேற்கில் காலங்காலமாக வழங்கும் கதை இது. அவன் பெயர் தெஸ்பிஸ் என்றும் ஆண்டு கி.மு. 534 என்றும் மரபு குறித்து வைத்திருக்கிறது. எஸ்கைலஸ் இரண்டாவது நடிகரையும் சொபாக்ளிஸ் மூன்றாவது நடிகரையும் சேர்த்ததாக அரிஸ்டாட்டில் எழுதினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று கணக்கு அழகாகத்தான் வருகிறது. கலைகள் இவ்வளவு ஒழுங்காகப் பிறக்குமா என்ற ஐயமும் கூடவே வருகிறது.

அந்த ஒருவன் எங்கிருந்து வந்தான் என்பதில் அறிஞர்களுக்குள் பெரிய வழக்கே நடந்தது. பருவச் சடங்குகளே வளர்ந்து நாடகமாயின என்றார்கள் ஜேன் ஹாரிசனும் கில்பர்ட் மரேயும். மாண்ட வீரர்களின் கல்லறை வழிபாட்டில்தான் வேர் இருக்கிறது என்று 1910இல் எழுதினார் வில்லியம் ரிட்ஜ்வே. 1927இல் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் சான்றுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, இந்தக் கோட்பாடுகளைத் தாங்கும் அளவுக்கு அவற்றில் வலு இல்லை என்று காட்டினார்.

நாட்டிய சாஸ்திரம் சொல்லும் கதை இன்னும் சுவையானது. நான்கு வேதங்களிலிருந்து உரையையும் இசையையும் அபிநயத்தையும் ரசத்தையும் எடுத்து பிரம்மா நாட்டியத்தைப் படைக்கிறார். இந்திர விழாவில் முதல் நாடகம் அரங்கேறுகிறது. அசுரர்கள் தோற்ற கதைதான் அன்றைய நாடகம். பார்க்க வந்த அசுரர்கள் பொறுப்பார்களா? நடிகர்களின் பேச்சையும் அசைவையும் நினைவையும் முடக்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகே, நடிப்பவர்களைக் காக்க விசுவகர்மா நாடக மண்டபம் கட்டுகிறார். ஆக, இந்தக் கதையில் கட்டடத்துக்கு முன்பே பார்வையாளர் வந்துவிட்டார், அதுவும் கோபத்தோடு.

தமிழில் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஒரு மேடையை அளந்தே காட்டுகிறது. இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். உள்ளே வரவும் வெளியே போகவும் இரு வாயில்கள். மூன்று வகைத் திரைகள். தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பதுவரை அதில் உண்டு. மாதவியின் ஆடலுக்காக அமைந்த அரங்கு என்றாலும், பார்ப்பவர் கண்ணை மனத்தில் வைத்துத் திட்டமிட்ட தொழில்நுட்பம் அது.

சடங்கு முதலில், அது தேய்ந்து நாடகம் பிறகு என்ற வரிசைக்கு வடதமிழகத்துத் தெருக்கூத்து எளிதில் அடங்காது. கூத்து இரவில் தொடங்கி விடியும்வரை நடக்கும். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் விருத்தம் எழும். மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கை கட்டிய கால்களும் மட்டும் தெரியும். ஆள் முழுதாக வெளிப்படும் முன்பே பார்ப்பவர் மனத்தில் துரியோதனன் பாதி உருவாகிவிடுவான். மன்னன் வெளியே வந்தவுடன் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் அவனை யாரென்று விசாரிப்பான், கிண்டலடிப்பான், நடுவே ஊர்க்கதையும் பேசுவான். நம்பச் செய்வதும் நம்பிக்கையைக் கலைப்பதும் ஒரே களத்தில், ஒரே நேரத்தில் நடக்கும்.

திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு நடக்கும்போது, வேடம் கட்டிய நடிகர் பாடிக்கொண்டே உயரமான தபசு மரத்தில் ஏறுவார். மேலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்தைப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முந்தானையில் ஏந்துவார்கள். அவர் எந்த வீட்டுப் பிள்ளை என்பது ஊருக்கே தெரியும். அந்த நேரத்தில் அவர் அர்ச்சுனன் என்பதிலும் யாருக்கும் சந்தேகமில்லை. பாரதப் போரின் முடிவைக் காட்டும் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்க, பீமன் வேடக்காரர் அதன் தொடையில் அடிப்பார். அதன் பிறகு திரௌபதியின் கூந்தல் முடியப்படும். இதில் எது வழிபாடு, எது நடிப்பு என்று கோடு கிழிக்க முயல்பவர் தோற்றுப்போவார்.

நாடகத்துக்குத் தவிர்க்க முடியாதது எது என்று போலந்து இயக்குநர் கிரோட்டாவ்ஸ்கி கேட்டார். ஒப்பனை, ஒளி, இசை, அரங்க அலங்காரம் என ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போய், நடிகரும் பார்வையாளரும் மட்டுமே எஞ்சுகிறார்கள் என்றார். கூத்துக்காரர்கள் இதை மறுக்க மாட்டார்கள். கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கழற்றச் சொன்னால் மட்டும் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு வேடம் அலங்காரமன்று, ஆளை மாற்றும் கருவி.

பார்ப்பவர் இடம் மாறினால் ஆட்டமும் மாறும் என்பதற்கு இலங்கையில் கண்கூடான சான்று உண்டு. மட்டக்களப்புக் கூத்து வட்டக்களரியில், நாலாபுறமும் ஊர் சூழ்ந்திருக்க ஆடப்படுவது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' போன்ற ஆக்கங்கள் நகரத்தாரிடம் கூத்துக்குப் புதிய மதிப்பைத் தேடித் தந்தன. ஆனால் வட்டமாகச் சுழன்ற ஆட்டம் ஒரு பக்கம் பார்த்து ஆடவேண்டியதாயிற்று; இரவு முழுவதும் உடனிருந்த ஊர், இருக்கைகளில் அமர்ந்து பார்க்கும் கூட்டமாயிற்று. கிடைத்தது அதிகமா, இழந்தது அதிகமா என்ற வாதம் அங்கே ஓயவில்லை. மட்டக்களப்பின் சீலாமுனைக் கிராமத்தில் பின்னர் நடந்த கூத்து மீளுருவாக்க முயற்சி, ஊராரையே சேர்த்துக்கொண்டு களரிக்குத் திரும்பியது.