பன்யன் நூலில் அச்சமும் துணையும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்திற்கு நிலைக்களம் நான்கு வகுத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அவை. ஆங்கிலப் புலவர் ஜான் பன்யன் (1628–1688) இயற்றிய ‘மோட்சப் பிரயாணம்’ என்னும் உரைநடை உருவகத்தை இவ்வரையறை கொண்டு நோக்குதல் பயனுடைத்து. பன்யன் தொல்காப்பியத்தை அறிந்தவர் அல்லர். எனினும் மக்கள் உள்ளத்து அச்சம் யாண்டும் ஒருதன்மைத்தே என்பது இவ்வொப்புமையாற் புலனாகும்.

இந்நூலின் முதற்பாகம் 1678-இலும் இரண்டாம் பாகம் 1684-இலும் வெளிவந்தன. முதற்பாகத்தில் மரணநிழற் பள்ளத்தாக்கின் பேய்கள் அணங்காகவும், மாளிகை வழியிற் கிடக்கும் சிங்கங்கள் விலங்காகவும், சிறு நம்பிக்கையனின் பொருளைப் பறித்த மூவர் கள்வராகவும், வரவிருக்கும் தீர்ப்பு இறையாகவும் அமைந்து நான்கும் நிரம்புகின்றன.

மனைவி மக்கள் கூவி அழைப்பவும் காதைப் பொத்திக்கொண்டு ஓடும் கிறித்தியானே இந்நூலின் தலைவன் ஆதலின், இது தனியொருவன் மீட்பையே பேசுவது என்பார் உளர். அக்கூற்று நூலின் தொடக்கத்திற்குப் பொருந்துமேயன்றி முழுமைக்கும் பொருந்தாது. மரணநிழற் பள்ளத்தாக்கில் கிறித்தியானின் வாள் பயன்படவில்லை. இருளில் முன்னே செல்லும் ஒருவன் குரல் கேட்டபோதே அவன் மகிழ்கின்றான். இறைவனுக்கு அஞ்சுவார் பிறரும் இவ்வழியில் உளர் என்பதே அம்மகிழ்ச்சிக்குக் காரணம். இறுதி ஆற்றிலும் அவன் அமிழத் தொடங்குங்கால் தலையை நீருக்குமேல் தாங்கிப் பிடிப்பவன் உடன் வந்த தோழனே.

இரண்டாம் பாகம் இக்கருத்தை மேலும் ஆழப்படுத்துகின்றது. அங்கே வரும் ஒருவனை நாம் ‘அஞ்சுவோன்’ என மொழிபெயர்த்துக் கொள்ளலாம். அவன் இடர்மலையில் தயங்கவில்லை. சிங்கங்களைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. ‘இறுதியில் ஏற்றுக்கொள்ளப்படுவேனோ’ என்பதொன்றே அவன் நடுக்கம். மரணநிழற் பள்ளத்தாக்கில் அவன் பேய்களுக்கு அலறியதும் உண்டு. ஆயினும் அவன் அச்சத்தின் வேர் தொல்காப்பியரின் நான்காம் நிலைக்களமாகிய இறையிடத்தே உளது. ஏனைய மூன்றும் வீரத்தால் வெல்லற்பாலன. இஃது அவ்வாறன்று, அஞ்சப்படுவோனே அடைக்கலமும் ஆதலின், இவ்வச்சம் கொண்டவன் ஓடி ஒளிய வேறிடம் இல்லை.

இவனுக்குப் பன்யன் காட்டும் மருந்து அறிவுரை அன்று. வீட்டின் வாயிலில் தட்டவும் துணிவின்றிக் குளிரிற் கிடந்தவனைக் கண்டு, வழித்துணைவனாகிய பெருநெஞ்சன் உள்ளே சென்று உரைக்கின்றான். தலைவன் அவனையே மீண்டும் அனுப்பி வருந்தி அழைக்கச் செய்கின்றான். மற்றோரிடத்தில், மென்மனத்தன் ஒருவன் தன் பலவீனம் பிறருக்குத் தடையாகும் எனப் பின்தங்க முற்படுகின்றான். கூட்டத்தார் அவனை விட்டுச் செல்லவில்லை. அவனுக்காகக் காத்திருப்பதாகவும், அவனை இடறச் செய்யும் வாதங்களை விலக்குவதாகவும் உறுதி கூறுகின்றனர். வலியோர் தம் நடையை மெலியோர்க்கேற்பக் குறைத்தலே ஈண்டுச் சமூகம் எனப்படுவது.

இவ்வேறுபாட்டின் காரணம் ஆசிரியர் வாழ்விலேயே உளது எனக் கருதுகின்றோம். பன்யன் 1660 முதல் 1672 வரை சமயப் பேச்சின் பொருட்டுப் பெட்ஃபோர்டுச் சிறையிருந்தவர். 1666-இல் வெளிவந்த தன்வரலாற்றில், வாயிற்புறத்து வெயிலில் அமர்ந்து இறைவனைப் பற்றி உரையாடிய ஏழைப் பெண்டிரைக் கண்டு தாம் ஏங்கியதை எழுதுகின்றார். பின்னர் அவர்கள் மலையின் வெயிற்புறத்திலும் தாம் சுவருக்கு இப்பால் குளிரிலும் இருக்கக் கண்ட காட்சியையும் கூறுகின்றார். குளிரிற் கிடந்த அஞ்சுவோன் இவ்வனுபவத்தின் வழித்தோன்றலே என்னலாம். 1672-இல் அவர் பெட்ஃபோர்டுத் திருச்சபையின் போதகரானார். பன்னிரண்டு ஆண்டு பிறர் அச்சங்களைக் கேட்டிருந்தவரின் நூல் இரண்டாம் பாகம்.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம் முதற்பாகக் கதையைத் தழுவியது. அக்காப்பிய வழியே பன்யனை அறிந்தார்க்கு அஞ்சுவோன் அறிமுகமாகான். கிறித்தவ இலக்கியத்தில் அச்சத்தை ஆராய்வார் இரண்டாம் பாகத்தையும் உடன் கொள்ளுதல் வேண்டும்.

அஞ்சுவோன் ஆற்றைக் கடந்த அன்று நீர் என்றுமில்லாதவாறு தணிந்திருந்தது. அது துணைவரால் ஆயதன்று, அருளால் ஆயது. அவனைக் கரைவரை கொணர்ந்ததே துணைவர் செய்தது. மற்றொருத்தி, பேரச்சமே பெயராகக் கொண்டவள், பாடிக்கொண்டே ஆற்றைக் கடக்கின்றாள். அப்பாடலின் பொருள் எவர்க்கும் விளங்கவில்லை என்கிறார் ஆசிரியர். விளங்காமலும் அவர்கள் கரையில் நின்று வழியனுப்பினர். அச்சமின்மையன்று, அஞ்சுவாரைக் கைவிடாமையே நம்பிக்கையின் அடையாளம் என்பதே இந்நூலால் நாம் பெறும் முடிபு.