தமிழ் மின்னூல்களும் செவிவழிப் படிப்பும் – ஒரு திறனாய்வு

1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. முனைவர் கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து முன்னின்று நடத்த, உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து தந்தார்கள். 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. அதுவே இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம். இவற்றை எண்ணி நாம் பெருமை பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் ஒன்று. நூல் வெளிவந்தால் பாடபேதம் உண்டா, அச்சுப்பிழை உண்டா என்று பார்க்கும் நம் திறனாய்வாளர்கள், அந்நூல் அடங்கிய பிடிஎஃப் கோப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதில்லை. அதையும் பார்த்தாக வேண்டும்.

பார்வையற்றவர் கணினியில் படிப்பது திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால். திரையிலுள்ள எழுத்தை அது குரலாக்கித் தரும். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006-இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் வாசிக்கும். செவியை நம்பும் இன்னொரு கூட்டமும் நம் பெங்களூர்க் குடும்பங்களில் உண்டு. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் இந்தியும் படித்து, தமிழ் எழுத்தே அறியாமல் வளரும் நம் பிள்ளைகள்தான். "காதால கேட்டா புரியுது, எழுத்துதான் தெரியல" என்னும் பேச்சு நம் வீடுகளுக்குப் புதிதா என்ன?

இவர்கள் கையில் ஒரு தமிழ் பிடிஎஃப் கிடைத்தால் என்ன ஆகிறது? பழைய நூல்களின் மின்பதிப்புகள் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கப் படங்கள். படத்தில் வாசிப்பானுக்கு எழுத்தே கிடையாது, மௌனம்தான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைத்த கோப்பு இன்னும் வேடிக்கை. 'அம்மா' என்று கண்ணுக்குத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கிறது. வாசிப்பான் "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்று ஒப்பிக்கும். அம்மாவைக் கூப்பிட இப்படியும் ஒரு வழி!

சரி, ஒருங்குறிக்கு வந்துவிட்டோமே என்பீர்கள். அதிலும் ஒரு சிக்கல், அது தமிழுக்கும் இந்திய மொழிகள் சிலவற்றுக்கும் உரியது. 'கொ' என்பதில் கொம்பு முன்னே, 'க' நடுவே, கால் பின்னே வரும். ஒருங்குறியிலோ 'க' முதலில் வரவேண்டும். சில மென்பொருள்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பிடிஎஃப்பில் எழுதிவிடுகின்றன. அச்சில் அழகாக இருக்கும். வாசித்தால் சொல் உடையும். இதற்கு மருந்து பிடிஎஃப்பிலேயே இருக்கிறது: அச்சொல்லின் உண்மையான எழுத்து இது என்று உள்ளே ஒரு குறிப்புச் சேர்த்துவிடலாம்.

எழுத்து சரியானாலும் வேலை முடிவதில்லை. உ.வே. சாமிநாதையர் ஏடுகளைப் பதிப்பித்தபோது பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். புள்ளியும் பத்தியும் இல்லாமல், மூலமும் உரையும் ஒன்றாய் ஓடிய ஏடுகள். அவற்றில் இது பாட்டு, இது உரை, இது மேற்கோள் என்று பிரித்துக் காட்டியதல்லவா அவர் தொண்டு! பிடிஎஃப்பில் 'டேக்' இடுவதும் அதுவேதான். இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை, இது அடிக்குறிப்பு என்று கண்ணுக்குத் தெரியாத அடையாளம் இடுகிறோம். டேக் இல்லாத உரைநூலைக் கேட்டால் குறளின் நடுவே பக்க எண் புகும். இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கத்தில் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கலக்கும். ஓலைக்கே திரும்பிப் போனது போலத்தான். மொழி தமிழ் என்று கோப்பில் குறிக்காவிட்டால் ஆங்கிலக் குரலே வாசிக்க வந்து நிற்கும்.

இந்த வசதி நேற்று வந்ததன்று. 2001-இல் வந்த பிடிஎஃப் 1.4 பதிப்பிலேயே உண்டு. 2012-இல் இதற்கென உலகத் தரமும் வந்தது. அதே 2012-இல் நம் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கேற்ற வடிவில் நூலை மாற்ற வழி பிறந்தது. 2014-இல் மராக்கேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடும் இந்தியாதான். நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.ஜி. இராமகிருஷ்ணன் குழுவினர் தமிழ், கன்னட அச்செழுத்தை அறியும் மென்பொருளையும் எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருளையும் உருவாக்கியிருக்கிறார்கள். பக்கப் படத்திலிருந்து எழுத்தை மீட்க அது உதவும். ஆனால் எது பாட்டு, எது உரை என்று தமிழறிந்த ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்கத்தான் வேண்டும்.

நம் மலர்க்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். இந்த மலரும் அச்சகத்துக்குப் போகுமுன் பிடிஎஃப் ஆகத்தான் போகும். டி.டி.பி. செய்பவரிடம் ஒருங்குறி எழுத்துரு கேளுங்கள். தலைப்புகளை எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டாமல் 'ஹெடிங்' ஸ்டைலில் அமைக்கச் சொல்லுங்கள். கோப்பைச் சேமிக்கும்போது டேக் சேர்க்கும் விருப்பத்தையும் தேர்ந்தெடுக்கட்டும். படங்களுக்கு ஒரு வரி விளக்கம் வேண்டும். விழாப் படத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்பதைக் குழுவினரே எழுதித் தரலாம். முழுப்பக்க விளம்பரங்களைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைப் பெயரையும் தொலைபேசி எண்ணையுமாவது எழுத்தாக வைக்கலாம். மெய்ப்புப் பார்க்கும்போது ஒரு முறை என்.வி.டி.ஏ.வில் ஓடவிட்டுக் காதாலும் கேளுங்கள். கண்ணுக்குத் தப்பிய ஒற்றுப்பிழை சிலவும் அதில் அகப்படும்.