முப்பது வாட் நாதம்

கைபேசிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் அடங்கிவிட்ட இக்காலத்தில், முப்பது கிலோவுக்கு மேல் கனக்கும் பழைய மரப்பெட்டியொன்றை இருவராகத் தூக்கிச் சுமப்பானேன் என்று கேட்பவர்களுக்கு, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுற்றும் தொழிலுடைய என் நண்பர் வாய்ப்பேச்சாக ஒன்றும் சொல்வதில்லை. கித்தாரைச் செருகித் தந்தியை மீட்டிக் காட்டுவதோடு சரி. அவரிடமுள்ளது வாக்ஸ் ஏ.சி.30 என்னும் வால்வு ஆம்ப்ளிஃபயர். இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் ஜென்னிங்ஸ் கம்பெனிக்காக டிக் டென்னி என்பவர் வகுத்து, 1959-இல் வெளிவந்து, பின்னர் பீட்டில்ஸ் குழுவினரால் உலகப் பிரசித்தி பெற்ற வகை அது.

சுவிட்சைப் போட்டவுடன் ஓசை எழாது. வால்வுகளின் இழைகள் 6.3 வோல்ட்டில் கனன்று சூடேற அரை நிமிஷமாவது வேண்டும். அவசரக்காரர்களுக்கு உகந்த சாதனமன்று. வால்யூம் குமிழை முக்கால்வாசி திருப்பிவைத்து, விரல்நுனியால் வருடினால், மேல்ஸ்தாயி மினுங்கும் தெளிந்த நாதம் பிறக்கிறது. அதே தந்தியைச் சற்றே ஓங்கி அடித்தாலோ, நான்கு இ.எல்.84 வால்வுகளும் தம் சக்தியின் எல்லையை எட்டி, அலையின் முகட்டை டிரான்சிஸ்டரைப்போல் சட்டென வெட்டாமல் சிறிது சிறிதாக மழுக்குவதால், உச்சஸ்தாயியில் பாடும் நாடக நடிகரின் குரலைப்போல் ஸ்வரம் கரகரத்துச் செழிக்கிறது. அத்தருணத்தில் ரெக்டிஃபயர் வால்வின் மின்னழுத்தமும் கணநேரம் தாழ்ந்து மீள்வதால், ஒலி ஒடுங்கிப் பின் விம்முகிறது. பொறியியல் சாஸ்திரப்படி இவையெல்லாம் தோஷங்களே. வாசிப்பவனுக்கோ, தன் விரலின் பலாபலத்தை அறிந்து பெட்டி நடந்துகொள்வதாகப் படுகிறது. கித்தாரின் குமிழைக் கொஞ்சம் தணித்தாலே கரகரப்பு அகன்றுவிடும். ஆம்ப்ளிஃபயரைத் தொடவே வேண்டியதில்லை. எத்தனை பெடல்களைக் காலடியில் பரப்பினாலும் இந்த இணக்கம் எளிதில் சித்திப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

இங்கிலாந்து மின்சாரத்துக்கென அமைந்ததாதலால் நம் 230 வோல்ட் இதற்குப் பொருந்துகிறது. அமெரிக்காவுக்கென்று செய்த பழைய ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயரை வாங்குபவர், வோல்ட்டைப் பாதியாக்கும் டிரான்ஸ்ஃபார்மரையும் தேடவேண்டும். மாலை வேளைகளில் மின்னழுத்தம் ஏறியிறங்கும் பேட்டைகளில் ஸ்டெபிலைசர் அவசியம். வால்வு தேய்ந்தால் கலங்க வேண்டாம். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் ரேடியோ வால்வுகளை உற்பத்தி செய்தது, அவற்றுள் இந்த இ.எல்.84-ம் உண்டு, சென்னை ரிச்சி தெருவில் பொறுமையாகத் துழாவுபவருக்குப் பழைய சரக்கு அகப்படவும் கூடும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாமாகையால், மூடியைத் திறக்கும் விஷயத்தில் மட்டும் சுயபரீட்சை ஆகாது.

பெரிய குறை வேறொன்று. அந்த மழுங்கிய இனிமை வெளிப்படும் நிலையில், இரண்டு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்களும் எழுப்பும் முழக்கம், சுவரோடு சுவர் ஒட்டிய ஆவடி, பூந்தமல்லி வீடுகளுக்குச் சற்றும் ஏற்றதன்று; ஒலியைத் தணித்தாலோ, எதற்காக வாங்கினோமோ அது போய்விடுகிறது. ஆகவே, இரண்டே இ.எல்.84 கொண்ட, 15 வாட் ஏ.சி.15 என்னும் இதன் மூத்த வகையே புறநகர்வாசிக்குத் தக்கது என்பேன். 30-ஐக் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர் யாராவது வாங்கிக்கொள்ளட்டும்.